ஜப்பான் கார்களின் உள்பக்க பிளாஸ்டிக் மட்டமா? டேஷ்போர்டை இறக்கிப் பார்க்கிறவன் சொல்கிறேன்

கேள்வி கேட்டவர் கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறைக்காரர். அப்பா அம்மாவுக்காக ஜப்பான் கம்பெனி கார் ஒன்றைப் பழையதாக வாங்கப் பார்க்கிறார். இன்ஜின் எல்லாம் சரி, ஆனால் டேஷ்போர்டைத் தட்டினால் ‘டொக் டொக்’ என்கிறதாம், அதே விலைக்கு வரும் ஐரோப்பிய காரில் கை வைத்தால் மெத்தென்று அமுங்குகிறதாம். ஜப்பான்காரன் உள்ளே காசை மிச்சம் பிடித்துவிட்டானா, நம்ம ஊர் வெயிலுக்கும் மழைக்கும் இந்த பிளாஸ்டிக் தாங்குமா என்று கேட்டிருக்கிறார்.

தாங்கும். தாராளமாகத் தாங்கும். மெத்தென்று இருப்பதைத்தான் நம்ம மாவட்டத்தில் நான் இரண்டு தடவை யோசித்து வாங்கச் சொல்வேன்.

நான் தக்கலைப் பக்கம் கார் ஏ.சி. வேலை பார்க்கிறவன். கூலிங் காயில் லீக் ஆகிவிட்டால் பல வண்டிகளில் ஸ்டீயரிங்கை இறக்கி, மீட்டரைக் கழற்றி, டேஷ்போர்டை மொத்தமாக வெளியே எடுத்தால்தான் காயில் கைக்கு வரும். அதனால் ஷோரூமில் தடவிப் பார்க்கிறவர் கண்ணில் படாத பின்பக்கம்தான் எனக்குத் தினசரி வேலை. அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

எந்த பிளாஸ்டிக் பாகத்தைக் கழற்றினாலும் பின்னால் அம்புக்குறி மாதிரி இரண்டு அடைப்புக்கு நடுவில் அது என்ன பொருள் என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். ‘பிபி’ என்றிருந்தால் பாலிப்ரொப்பிலீன். ‘பிபி’க்குப் பக்கத்தில் ‘டி20’ அல்லது ‘டிடி20’ என்று வந்தால் அதில் 20 சதவீதம் டால்க், அதாவது மாக்கல் தூள், கலந்திருக்கிறது என்று அர்த்தம். வெயிலில் நெளியாமல் விறைப்பாக நிற்கத்தான் அந்தத் தூள். ‘ஏபிஎஸ்’ என்றும் ‘பிசி பிளஸ் ஏபிஎஸ்’ என்றும் (இவை பிபி இல்லாத வேறு வகை கெட்டி பிளாஸ்டிக்குகள்) நடுக் கன்சோலிலும் ஏ.சி. வென்ட்டைச் சுற்றியும் வரும். ஜப்பான் கம்பெனிகளின் சாதாரண விலைக் கார்களில் டேஷ்போர்டு, டோர் பேட் (கதவின் உள்பக்கப் பலகை), கண்ணாடிகளுக்கு நடுவில் உள்ள தூண்களின் மூடிகள் எல்லாம் பெரும்பாலும் இந்த டால்க் கலந்த பிபிதான். நீங்கள் தட்டிக் கேட்ட ‘டொக்’ சத்தம் இதுதான்.

மார்த்தாண்டத்தில் இருந்து வரும் ரிட்டயர்ட் வாத்தியார் ஒருவர், கழற்றி வைத்திருந்த டோர் பேடைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ‘இது நம்ம வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி மாதிரியல்லவா இருக்கு’ என்றார். ‘சாரே, நாற்காலியும் பிபிதான், குடும்பம் ஒன்றுதான், ஆனா உள்ளே சேர்க்கிற மருந்து வேற’ என்றேன். பிபி தனியாக வெயிலில் கிடந்தால் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் பட்டு வெளுத்து, மேல்பக்கம் மாவு மாதிரி உதிர்ந்து, கடைசியில் நொறுங்கிவிடும். காருக்கு வரும் பிபியில் இதைத் தடுக்கும் ஒளி நிலைப்படுத்திகள், வெப்பத்துக்கான ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள், அடி தாங்க ரப்பர் கலவை எல்லாம் உண்டு. டொயோட்டா 1990-களிலேயே தனக்கென்று ஒரு கலவையை உருவாக்கி, ‘டொயோட்டா சூப்பர் ஓலிஃபின் பாலிமர்’ என்று பெயர் வைத்து, பம்பரில் தொடங்கி உள்பக்கம் வரை பயன்படுத்தியது. உருக்கி மறுபடி வார்த்தாலும் தரம் அதிகம் கெடாது என்பது அதன் பெரிய குணம். சும்மா மலிவு என்று எடுத்துப் போட்ட பொருள் என்றால் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

இப்போது நம்ம ஊர் பருவநிலைக்கு வாருங்கள். நமக்கு தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு, இரண்டு மழைக்கும் நடுவில் நல்ல வெயில், குளச்சல், முட்டம் பக்கம் போனால் உப்புக் காற்று, குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் போனால் ரப்பர் தோட்டத்து ஈரம். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில் டேஷ்போர்டின் மேல்பக்கம் 70 டிகிரியைத் தொடும். பிபி உருகுவது 160 டிகிரிக்குப் பக்கத்தில், அதனால் உருகும் பேச்சே இல்லை. அதைவிட முக்கியம், பிபி தண்ணீரை உறிஞ்சாது, கை வியர்வையோ எண்ணெயோ அதை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தே இருக்கும் எங்களைப் போன்ற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரிந்து இல்லை.

மெத்தென்று இருப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உள்ளே நுரை, மேலே பிவிசி அல்லது வேறு தோல். இன்னொன்று, கெட்டி பிளாஸ்டிக் மேல் ரப்பர் மாதிரி ஒரு பெயின்ட் பூச்சு. முதல் வகையில் பிவிசியை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் வெயிலில் மெதுவாக ஆவியாகி வெளியேறும் (புதுக் கார்க் கண்ணாடியின் உள்பக்கம் படியும் மங்கலான படலத்தில் அதுவும் ஒரு பங்கு), அது போகப் போகத் தோல் சுருங்கி, கடினமாகி, ஏர்பேக் மூடி ஓரத்திலும் வென்ட் ஓரத்திலும் வெடிக்கும். இரண்டாவது வகைப் பூச்சு பெரும்பாலும் பாலியூரித்தேன், காற்றிலுள்ள ஈரம் அதை உடைக்கும், வருடங்கள் போனால் பிசுபிசுவென்று கையில் ஒட்டும், நகம் பட்டால் உரிந்து வரும். கொஞ்சம் வயதான சில ஐரோப்பியக் கார்களின் டோர் கைப்பிடியிலும் சுவிட்சிலும் நான் பார்ப்பது இதைத்தான், துடைக்கத் துடைக்கத் துணி கறுப்பாகும், பிசுக்கு போகாது.

ஜப்பான்காரர்களும் இதில் அடிபட்டிருக்கிறார்கள், அதை மறைக்கக்கூடாது. 2000-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஓடிய டொயோட்டா கேம்ரி, டொயோட்டாவின் சொகுசுப் பிராண்டான லெக்சஸின் சில மாடல்கள், அப்புறம் மாஸ்டா 3, இவற்றில் டேஷ்போர்டு வெயிலில் பிசுபிசுத்து, பளபளவென்று கண்ணாடியில் பிரதிபலித்து, வெடிக்கவும் தொடங்கியது. ஃபுளோரிடா மாதிரி வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடங்களில் புகார் அதிகம். டொயோட்டா அங்கே குறிப்பிட்ட மாடல்களுக்கு வாரண்டியை நீட்டித்து இலவசமாக மாற்றிக் கொடுத்தது. கவனித்துப் பாருங்கள், பிரச்சினை வந்தது சொகுசுக்காக மென்மையாகச் செய்த டேஷ்போர்டுகளில். இதே கம்பெனிகளின் ‘டொக்’ சத்தம் போடும் டேஷ்போர்டுகளைப் பற்றி அப்படி ஒரு கூக்குரல் எழுந்ததாக நான் கேள்விப்படவில்லை.

சரி, கெட்டி பிளாஸ்டிக்கில் குறையே இல்லையா? இருக்கிறது. டால்க் கலந்த பிபியில் சாவியோ பெல்ட் பக்கிளோ உரசினால் வெள்ளைக் கோடு விழும், அது போகவே போகாது. டோர் பேடின் அடிப்பாகம் செருப்பு பட்டுப் பட்டு வெளுக்கும், டிக்கி ஓரம் இன்னும் மோசம். தகடு மெல்லிசாக இருப்பதால் வெளிச் சத்தம் உள்ளே வரும், ஐரோப்பியக் கார் கதவைச் சாத்தும்போது வரும் அந்த கனமான சத்தம் இதில் வராது. வெள்ளிப் பெயின்ட் அடித்த கைப்பிடிகளும் குரோம் முலாம் பூசிய வளையங்களும் வியர்வை பட்டு உரியும், இது எந்த நாட்டுக் காருக்கும் பொதுவானதுதான். இப்போது எல்லாரும் ஆசைப்படும் பளபளக் கறுப்பு இருக்கிறதே, அது கீறல் விழவே செய்தது போல எனக்குத் தோன்றுகிறது, துடைக்கிற துணியில் இருக்கும் மண்ணே போதும்.

எல்லாரும் பிளாஸ்டிக்கின் மேல் பழி போடும் கடகட சத்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சத்தம் வருவது பெரும்பாலும் பிளாஸ்டிக் தேய்ந்ததால் இல்லை. ஸ்டீரியோ மாற்றவோ கேமரா மாட்டவோ ஒருத்தர் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பியிருப்பார், இரண்டு கிளிப் உடைந்திருக்கும், இரண்டு ஸ்க்ரூ திரும்பப் போட்டிருக்க மாட்டார். கல்குளம், விளவங்கோடு பக்கத்து உள்ரோட்டில் ஒரு மழைக்காலம் ஓடினால் போதும், அந்த இடம் தாளம் போடும். ஜப்பான் வண்டிகளில் எனக்குப் பிடித்த விஷயமே கழற்றி மாட்டும் ஒழுங்குதான். கிளிப் இருக்கும் இடம் தெரிந்து, பிளாஸ்டிக் நெம்புகோலால் சரியான திசையில் இழுத்தால் கையோடு வரும், திரும்ப வைத்து அமுக்கினால் ‘க்ளிக்’ என்று பழைய இடத்திலேயே உட்காரும், இடைவெளி ஒரே அளவாக இருக்கும். பத்து வருடம் ஓடிய வண்டியிலும் அப்படி உட்காருகிறது என்றால் அந்த வார்ப்பு அளவு மாறவில்லை, பிளாஸ்டிக் நெளியவில்லை என்றுதான் அர்த்தம். தரம் என்று நான் சொல்வது இதைத்தான். கடலோர வண்டிகளில் மட்டும் உள்ளே இருக்கும் இரும்புக் கிளிப் துருப்பிடித்து இறுகிவிடும், அப்போது இழுத்தால் பிளாஸ்டிக் காது உடையும். முட்டம் பக்கத்து வண்டி என்று சொல்லிவிட்டாலே நான் நிதானமாகத்தான் கை வைப்பேன். உடைந்த கிளிப்புக்குப் பதில் கிளிப் நாகர்கோவிலில் கிடைக்கும், உரசும் இடத்தில் ஃபெல்ட் டேப் (கம்பளித் துணி மாதிரியான ஒட்டு நாடா) ஒட்டினால் சத்தம் நிற்கும். தயவுசெய்து ஃபெவிகுவிக் ஊற்றாதீர்கள், பிபியில் அது பிடிக்காது, வெள்ளையாகப் படிந்து அசிங்கமாகும். ஏபிஎஸ் என்றால் ஒட்டும், பிபி என்றால் சூடு வைத்து வெல்டு செய்ய வேண்டும். பின்னால் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொன்னது இதற்கும்தான்.

‘ஜப்பான் கார்’ என்று மொத்தமாகச் சொல்வதிலும் எனக்குக் கொஞ்சம் தயக்கம். நம்ம ரோட்டில் ஓடுபவை பெரும்பாலும் நம்ம நாட்டிலேயே பிடதி, மானேசர், ஒரகடம் போன்ற இடங்களில் செய்தவை, பிளாஸ்டிக் பாகங்கள் இங்குள்ள சப்ளையர்கள் வார்ப்பவை. 2019-ல் வந்த டொயோட்டா கிளான்ஸா அடிப்படையில் மாருதி பலேனோதான், முத்திரையைப் பார்த்து உள்ளே வேறு பிளாஸ்டிக் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரே கம்பெனியின் சின்ன ஹேட்ச்பேக்கும் பெரிய வண்டியும் உள்ளே ஒன்றாக இருக்காது. இன்னொரு நல்ல விஷயம், ஜப்பான் கார் உற்பத்தியாளர் சங்கம், உள்ளே பிளாஸ்டிக்கும் பசையும் வெளிவிடும் ஆவிகளைக் குறைக்க 13 வேதிப்பொருள்களுக்கு அந்த நாட்டு அரசு வைத்திருந்த வரம்பைத் தாங்களே ஏற்று, 2007 முதல் அங்கே விற்கும் புது மாடல் பயணிகள் கார்களில் கடைப்பிடிக்கத் தொடங்கியது. வயதானவர்கள் மூடிய காரில் உட்காரும்போது இந்த மாதிரி கவனம் முக்கியம் என்று நினைக்கிறேன்.

வாங்கிய பிறகு பிளாஸ்டிக்கைக் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான். எங்க பக்கம் தேங்காய் எண்ணெய் தடவிக் கறுப்பாக்கும் வழக்கம் உண்டு, இரண்டு நாள் மின்னும், அப்புறம் தூசியும் எண்ணெயும் சேர்ந்து பிசுக்காகும், நாற்றமும் வரும், ஏபிஎஸ் பாகங்களில் ஸ்க்ரூ இறுக்கிய இடத்தில் எண்ணெய் இறங்கினால் விரிசலுக்கே வழி. பெட்ரோல், தின்னர் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். எண்ணெய்ப் பசையுள்ள பளபள பாலிஷும் வேண்டாம், கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுகிறவர் கண்ணைக் கூசும். லேசான ஷாம்பு தண்ணீரில் பிழிந்த துணி, அப்புறம் காய்ந்த துணி, அவ்வளவுதான். திரவ சென்ட் பாட்டிலை டேஷ்போர்டில் வைக்காதீர்கள், கவிழ்ந்தால் அந்த இடம் வெந்தது போல் ஆகிவிடும். நிறுத்தும்போது முன்கண்ணாடிக்கு மறைப்பு வைப்பதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய மருந்து. சன் ஃபிலிம் ஒட்டலாமா என்று கேட்காதீர்கள், 2012-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டதில் இருந்து அது தலைவலி.

மாதா சொரூபமோ பிள்ளையாரோ வைக்க வேண்டும் என்றால் டிரைவரின் பார்வையையும் மீட்டரையும் மறைக்காத இடமாகப் பார்த்து வையுங்கள், பக்கத்து சீட்டுக்கு நேரே இருக்கும் ஏர்பேக் மூடி மேல் எதையும் ஒட்டாதீர்கள். அந்த மூடி கிழிந்து திறக்கவே வடிவமைத்தது, மேலே இருப்பது எதுவானாலும் உட்கார்ந்திருப்பவர் முகத்துக்குத்தான் வரும். அம்மா உட்காரப்போகிற சீட் அது.

நீங்கள் பார்த்திருக்கும் வண்டியில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நண்பகலில் வெயிலில் நின்ற பிறகு போய்ப் பாருங்கள், காலையில் குளிர்ந்த வண்டியைக் காட்டினால் பிசுபிசுப்பு தெரியாது. ஸ்டீயரிங், கியர் நாப், சுவிட்ச், டோர் கைப்பிடி எல்லாவற்றிலும் விரலை அழுத்தி எடுத்துப் பாருங்கள், ஒட்டுகிறதா என்று. ஏர்பேக் மூடியின் ஓரத்தில் விரிசல் இருக்கிறதா, டேஷ்போர்டும் கதவும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் இடைவெளி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் தூக்கி நின்றால் யாரோ இறக்கி ஏற்றியிருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். கிளவ் பாக்ஸைக் கழற்றி பின்னால் உள்ள ஏ.சி. ஃபில்டரை எடுத்துப் பாருங்கள், தோட்டப் பக்கத்து வண்டி என்றால் எலி கூடு கட்டியிருக்கும், ஒயரும் போயிருக்கும், அது பிளாஸ்டிக்கை விடப் பெரிய செலவு. அப்புறம் ஏ.சி. ஃபேனை நிறுத்திவிட்டு, ரேடியோவையும் அணைத்துவிட்டு, குண்டும் குழியுமான ரோடு ஒன்றில் மெதுவாக ஓட்டிக் கேளுங்கள். இரண்டொரு இடத்தில் சத்தம் வந்தால் விலையில் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள், கிளிப்பும் ஃபெல்ட் டேப்பும் ஒரு நாள் வேலைதான். இத்தனையும் சரியாக இருந்தால் ‘டொக்’ சத்தத்துக்காக அந்த வண்டியை விட்டுவிடாதீர்கள்.