மக்களவை கலைந்தால் எந்த மசோதா காலாவதியாகும்?

குரூப் 2 நோட்ஸ் ஒன்றில் "மக்களவை கலைந்தால் எல்லா மசோதாவும் காலாவதி" என்றும் இன்னொன்றில் "இல்லை" என்றும் இருக்கிறது, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். எல்லாமே காலாவதியாகாதுங்க. மசோதா எந்த அவையில் நிற்கிறது, மக்களவை அதை நிறைவேற்றியதா என்று மட்டும் பாருங்கள். மக்களவையில் நிலுவையில் இருந்தால், எங்கே அறிமுகமானதாக இருந்தாலும் போச்சு. மக்களவை நிறைவேற்றி அனுப்பி மாநிலங்களவையில் கிடந்தாலும் போச்சு. ஆனால் மாநிலங்களவையில் அறிமுகமாகி, மக்களவைப் பக்கமே இன்னும் போகாதது உயிரோடு இருக்கும், ஏனென்றால் அந்த அவை கலைவதே இல்லை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் ஓய்வு பெறுவார்கள், அவ்வளவுதான்.

மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதாவைப் பிடித்துக்கொள்ளுங்கள், மறக்கவே மறக்காது. 2008-ல் மாநிலங்களவையில் அறிமுகமானதால் 2009-ல் மக்களவை கலைந்தபோது தப்பித்தது. 2010 மார்ச் 9 அன்று அங்கே நிறைவேறி மக்களவைக்குப் போனது, அங்கேயே கிடந்து 2014-ல் காலாவதியானது. எவ்வளவு பேர் பாடுபட்ட மசோதா, நினைத்தால் இன்னமும் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், மக்களவை கலைவதற்கு முன்பே ஒரு மசோதாவுக்காகக் குடியரசுத் தலைவர் இரு அவைகளும் ஒன்றாக உட்காரும் கூட்டுக் கூட்டம் அறிவித்துவிட்டால் அந்த மசோதாவும் தப்பிக்கும். அரசியலமைப்பில் 107, 108 இரண்டு பிரிவுகளையும் ஒருமுறை நேராகவே படித்துவிடுங்கள்.