ஓகஸ்டில் எந்தக் கடல், டிசம்பரில் எந்தக் கடல்?

கேள்வி: எனக்கு 27 வயது. புதுக்குடியிருப்பில் ஆசிரியையாக இருக்கிறேன். அலைச்சறுக்குப் பழக வேண்டும் என்று நெடுநாள் ஆசை. வரும் ஓகஸ்ட் விடுமுறையில் தனியாக வெளிக்கிட்டு நிலாவெளி, அறுகம்குடா, மிரிஸ்ஸ, வெலிகம, ஹிக்கடுவ என்று பத்து நாளில் இலங்கையைச் சுற்றி அலை தேடலாம் என்று திட்டம் போட்டிருக்கிறேன். குளத்தில் நன்றாக நீந்துவேன். அம்மாவுக்குக் கடல் என்றாலே பயம். சுனாமியில் பெரியம்மா குடும்பத்தை இழந்தவர் அவர். தனியே போகிற பெண் உடுப்புக்கு என்ன செய்வது, பலகை சொந்தமாக வாங்க வேண்டுமா என்றும் சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம், புதுக்குடியிருப்பு

பதில்: அன்புள்ள தங்கச்சி, கட்டாயம் போங்கள். ஆனால் சுற்றாதீர்கள். பத்து நாளும் ஒரே குடாவில் இருங்கள்.

பழகத் தொடங்குகிறவருக்கு முதல் இரண்டு மூன்று நாளும் உப்புத் தண்ணீர் குடிப்பதிலேயே போய்விடும். தோள் வலிக்கும், முழங்கால் உரசும். அதற்குப் பிறகுதான் உடம்புக்கு மெல்ல விளங்கத் தொடங்கும். உங்கள் திட்டப்படி பார்த்தால், விளங்கத் தொடங்குகிற நேரம் நீங்கள் அடுத்த ஊருக்குப் பஸ்ஸில் இருப்பீர்கள்.

இன்னொரு காரணம் காற்று. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகமும் வடகிழக்கிலிருந்து வரும் வாடையும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே சறுக்குவதற்கான அலைகளில் பெரும்பங்கு, தெற்கே அந்தார்ட்டிக்காவை அண்டிய கடலில் அடிக்கும் புயல்களால் எழுந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடி வருபவை. ஓகஸ்டில் தெற்குக் கரையில் வெலிகம, ஹிக்கடுவப் பக்கம் சோளகம் கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். அலை குழம்பி, கலங்கி, ஒழுங்கில்லாமல் நொறுங்கும். அதே காற்று நாட்டைக் கடந்து கிழக்குக் கரையிலுள்ள அறுகம்குடாவுக்கு வரும்போது தரையிலிருந்து கடலுக்கு வீசும். எதிரே வீசும் அந்தக் காற்று அலையின் முகத்தைத் தாங்கிப் பிடிப்பதால், அது சட்டென்று கவிழாமல் நின்று, ஒரு பக்கமாக வரிசையாக உடையும். நிலாவெளி ஓகஸ்டில் குளிக்க அருமையான இடம், ஆனால் சறுக்குவதற்கு அங்கே அலை இராது. ஆகவே இந்த விடுமுறைக்கு அறுகம்குடா. வெலிகமவை டிசம்பர் விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது காற்று மாறி அந்தக் கரை தெளிந்திருக்கும். அடியில் மணல் என்பதால் பழகுகிறவர்களுக்கு நல்ல குடா அது. கொழும்பு கோட்டையிலிருந்து காலி வழியாகப் போகும் ரயில் வெலிகமவில் நிற்கும். டிசம்பரில் முல்லைத்தீவிலும் அலை ஆளுயரத்துக்கு எழும்புகிறதே என்று அங்கே தனியாகப் பலகையோடு இறங்கிவிட வேண்டாம். வாடைக்கடலுக்கு எங்கள் மீனவர்களே யோசித்துத்தான் வள்ளம் தள்ளுவார்கள்.

குளத்து நீச்சலைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். குளத்தில் களைத்தால் கரைக்குத் திரும்பலாம், தண்ணீர் உங்களை எங்கும் கொண்டுபோகாது. கடல் கொண்டுபோகும். கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் ஏதோவொரு இடைவெளியால் திரும்பிப் போயாக வேண்டும். சுற்றிவர அலை உடைய, நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல் கருமையாக, அமைதியாகக் கிடந்தால், அநேகமாக அதுதான் அந்த வழி. தெரியாதவர்கள் அமைதியாக இருக்கிறதென்று அங்கேதான் இறங்குவார்கள். அதில் மாட்டினால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையிலிருந்து வெளியே வந்து, பிறகு அலையோடு சேர்ந்து கரைக்கு வாருங்கள். பலகை இருந்தால் அதை எக்காரணத்துக்கும் விடாதீர்கள், மிதவையும் அதுதான். ஓகஸ்டுக்கு முன்பு, கடல் அடங்கியிருக்கும் காலைகளில், நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கடலில் நீந்திப் பழகுங்கள். பலகை இல்லாமல் பதினைந்து நிமிடம் பதற்றப்படாமல் மிதக்க முடிந்த பிறகு பஸ்ஸுக்குப் பதியலாம்.

அறுகம்குடாவில் எல்லாரும் பேசுவது மெயின் பொயின்ற். முனையைச் சுற்றி வளைந்து வரும் அந்த அலை நீளமானது, வேகமானது, கீழே பாறை. அதைக் கரையில் நின்று பாருங்கள், போதும். உங்களுக்கு ஏற்றது குடாவின் உட்பக்கம் இருக்கும் பேபி பொயின்ற். கொஞ்சம் பழகியபின் பொத்துவிலுக்கு வடக்கே விஸ்கி பொயின்ற். காலையிலேயே இறங்குங்கள், நேரம் போகப் போகக் கடலிலிருந்து வீசும் காற்று கூடி அலை கெட்டுவிடும்.

முதல் பாடம் மணலில் நடக்கும். பலகையில் குப்புறப் படுத்து, கால்விரல்கள் பின்விளிம்பைத் தொட, உள்ளங்கைகளை விலா எலும்புக்குப் பக்கத்தில் ஊன்றி, ஒரே எழும்பலில் இரண்டு பாதமும் பலகையின் நடுக்கோட்டில் வர வேண்டும். அநேகம் பேர் முழங்காலை முதலில் ஊன்றுவார்கள். அந்தப் பழக்கம் ஒட்டிவிட்டால் பிறகு விடுவது கஷ்டம், முதல் நாளே தவிர்த்துவிடுங்கள். எழும்பியதும் கண் பாதத்தைப் பார்க்கக் கூடாது, கரையைப் பார்க்க வேண்டும். தண்ணீரில் நடக்கும்போது பலகையை உங்களுக்கும் அலைக்கும் நடுவில் பிடிக்காதீர்கள். அலை அதைத் தூக்கி உங்கள் முகத்திலேயே அடிக்கும், பக்கத்தில் பிடியுங்கள். விழுந்தால் தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழுந்து, கைகளால் தலையை மூடிக்கொண்டு மேலே வாருங்கள். அலை உடையும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை சொந்தம். அதில் குறுக்கே ஏறுவது ஆபத்து, மரியாதையும் இல்லை. கரைவலை இழுக்கும் இடத்தில் இறங்கவே வேண்டாம்.

அம்மாவோடு வாதாடாதீர்கள் தங்கச்சி. 2004 டிசம்பர் 26 பார்த்த கரையிலிருந்து வந்தவரிடம் கடல் பாதுகாப்பானது என்று யார் சொல்லி நிரூபிக்க முடியும்? அவருக்குத் தெரிந்த வழியைக் காட்டுங்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குப் போகும் பாதயாத்திரை வற்றாப்பளை அம்மன் வாசலைத் தொட்டு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், பாணமை கடந்து உகந்தை முருகனிடம் போய்த்தான் காட்டுக்குள் இறங்குகிறது. திருகோணமலைக்குப் பிறகு நீங்கள் போவதும் அதே பாதைதான். முடிந்தால் அம்மாவையும் முதல் இரண்டு நாளுக்குக் கூட்டிப்போய் உகந்தையில் கும்பிட வையுங்கள். நீங்கள் இறங்கும் இடத்தை அவர் கண்ணால் பார்த்துவிட்டால், தெரியாத கடலை வீட்டிலிருந்து கற்பனை செய்து பயப்பட வேண்டியதில்லை. வர மாட்டேன் என்றால், தண்ணீரிலிருந்து ஏறியதும் தினமும் ஒரு அழைப்பு.

போகும் வழி: வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை, அங்கிருந்து மட்டக்களப்பு. ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் இரவு மட்டக்களப்பில் தங்குங்கள். மறுநாள் கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில். அங்கிருந்து குடாவுக்கு ஓட்டோ. பொத்துவிலும் குடாவை ஒட்டிய உல்லையும் தமிழ் பேசும் ஊர்கள். சுற்றுலா இடமாச்சே என்று ஆங்கிலத்தில் தொடங்காமல் தமிழிலேயே கேளுங்கள், விலையும் வித்தியாசப்படும். தங்குமிடத்தைப் பெண்கள் நடத்தும் அல்லது குடும்பம் இருக்கும் வீடாகப் பாருங்கள். பாணமை வீதியில் பொழுதுபட்ட பின் யானை நிற்கும், ஓட்டோவிலும் போக வேண்டாம். களப்பு வாய்களில் கால் கழுவக்கூட இறங்காதீர்கள். 2017இல் அங்கே ஒரு வெளிநாட்டு இளைஞர் முதலையிடம் உயிரை விட்டார். அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119, பெண்களுக்கான உதவிக்கு 1938. மூன்றையும் தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

உடுப்புக்கு நீங்கள் யோசித்த அளவுக்கு ஒன்றுமில்லை. நீளக்கை ரஷ் கார்ட்டும் (உடம்போடு ஒட்டி நிற்கும் நீச்சல் மேற்சட்டை) கணுக்கால் வரை லெக்கின்ஸும் போடுங்கள். வெயிலுக்கும் பலகை உரசலுக்கும் அதுதான் வசதி என்று வெளிநாட்டுப் பெண்களே பலர் அப்படித்தான் இறங்குகிறார்கள். அறுகம்குடாவில் 2018 முதல் உள்ளூர்ப் பெண்களுக்கென்றே ஒரு சர்ஃப் கழகம் இருக்கிறது. தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண்கள் சேர்ந்து சறுக்குகிறார்கள், அவர்களில் தாய்மாரும் உண்டு. போனதும் முதலில் அவர்களை விசாரியுங்கள். சொந்த மொழியில் பாடம் கிடைக்கும், தண்ணீரில் தனியாகவும் இருக்க மாட்டீர்கள்.

பலகை வாங்கவே வேண்டாம். எட்டு, ஒன்பது அடியில் மேல்பக்கம் ஸ்பொஞ் வைத்த பலகையை அங்கேயே வாடகைக்கு எடுங்கள். எடுக்கும்போது காலில் கட்டும் கயிற்றை இரண்டு முனையிலும் இழுத்துப் பாருங்கள், அடியில் துடுப்புகள் ஆடுகின்றனவா என்று பாருங்கள். ஏற்கனவே இருக்கும் வெடிப்புகளைக் கடைக்காரருக்கு முன்னாலேயே படம் எடுத்துவையுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது காசு கேட்டால் காட்டலாம்.