இசைத்தட்டுக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் ஒரே ஸ்பீக்கர்

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற இசைத்தட்டுகள் நாற்பது இருக்கின்றன. அவற்றையும் கேட்க வேண்டும், போனில் ஸ்ட்ரீமிங் ஆப்பில் வரும் பாட்டையும் கேட்க வேண்டும். கையில் பணம் குறைவு. ஸ்பீக்கரோடு சேர்ந்தே வரும் மலிவான பெட்டி பிளேயர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அப்பாவின் தட்டுகள் என்கிறீர்களே, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். அந்த மாதிரிப் பெட்டிகள் பலவற்றில் ஊசி தட்டின்மேல் 5 கிராம் வரை அழுத்தும், குறைக்க வழியிருக்காது; நல்ல டர்ன்டேபிளில், அதாவது ஸ்பீக்கர் இல்லாமல் தட்டை மட்டும் சுழற்றும் பிளேயரில், அது 2 கிராம் பக்கம்தான். ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள் அதிர்வதால் அந்த அதிர்வையும் ஊசி வாங்கிக்கொள்ளும்.

பணத்தில் பெரும்பங்கை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள், தட்டோ போனோ எதைக் கேட்டாலும் கடைசியில் காதுக்கு வருவது அதன் வழியாகத்தான். பழையதே போதும். ஆனால் வாங்கும் முன் முன்பக்கத் துணியைக் கழற்றி, பெரிய கூம்பைச் சுற்றியிருக்கும் வளையத்தை விரல் நுனியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் வளையமாக இருந்து பொடிப்பொடியாக உதிர்ந்தால் விட்டுவிடுங்கள்.

ஆம்ப்ளிஃபையரும் பழையது வாங்கலாம், பின்பக்கம் 'ஃபோனோ' என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். டர்ன்டேபிள் ஊசியிலிருந்து வருவது வெறும் 4, 5 மில்லிவோல்ட். அதுவும் தட்டில் பதியும்போதே பாஸை, அதாவது கனத்த அடியொலியைக் குறைத்து, கீச்சொலியைக் கூட்டித்தான் பதிகிறார்கள். 1950களில் ஏற்பட்ட இந்த முறைக்கு ஆர்ஐஏஏ என்று பெயர். அதைத் திருப்பிச் சரிசெய்து, ஒலியைப் பெருக்கிக் கொடுப்பதுதான் ஃபோனோவின் வேலை. மற்றக் கருவிகளை இணைக்க ஆம்பில் இருக்கும் சாதாரண 'ஆக்ஸ்' துளையில் செருகினால் தகரத்தைத் தட்டுவதுபோல மெல்லிசாகக் கேட்கும். ஆம்பில் ஃபோனோ இல்லையென்றால் சின்ன ஃபோனோ ப்ரீஆம்ப் தனியாகக் கிடைக்கும், சில டர்ன்டேபிள்களில் உள்ளேயே உண்டு. ஏதாவது ஒன்றுதான் வேலை செய்ய வேண்டும், இரண்டும் சேர்ந்தால் ஒலி கரகரக்கும்.

ஸ்ட்ரீமிங்குக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். மூலையில் கிடக்கும் பழைய போன், அதில் மாட்ட ஒரு சின்ன டாக் (DAC, டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கேற்ற சிக்னலாக மாற்றும் கருவி), அங்கிருந்து ஆக்ஸுக்குச் சிவப்பு வெள்ளை பின் வைத்த ஒரு கேபிள், அவ்வளவுதான். போனில் சத்தத்தை முழுதாக வைத்துவிட்டு ஆம்பில் கூட்டிக் குறையுங்கள். ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள், வேலை செய்துகொண்டே கேட்க அது போதும்.

அப்புறம், பழைய டர்ன்டேபிள் வாங்கினால் புது ஊசி மாட்டாமல் ஒரு தட்டைக்கூட வைக்காதீர்கள். தேய்ந்த ஊசி பள்ளத்தைச் சுரண்டிவிடும், திரும்ப வராது. டர்ன்டேபிளில் ஊசியைத் தாங்கும் கையின் பின்னாலிருக்கும் எடையைத் திருகி, அந்தக் கை மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் மட்டமாக மிதக்கும்படி செய்து, அங்கே டயலைச் சுழியத்தில் வைத்துவிட்டு, ஊசிக்காரர்கள் சொன்ன கிராமுக்கு எடையை டயலோடு சேர்த்துத் திருப்புங்கள். பிளேயரையும் ஸ்பீக்கரையும் ஒரே மேசையில் வைக்க வேண்டாம். 'ம்ம்ம்' என்று இரைந்தால் பிளேயரிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயரை ஆம்பின் திருகில் மாட்டியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் காரணம்.

நாற்பதில் கனமாக, பக்கத்துக்கு ஒரே பாட்டோடு நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் தட்டு ஏதாவது இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். அதன் பள்ளம் அகலமானது, எல்பி (நிமிடத்துக்கு 33 சுற்று சுழலும் சாதாரணத் தட்டு) ஊசியைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு பருமனான வேறு ஊசி வேண்டும்.