குளம் மாற்றிய மூன்றாம் நாள் இறால் ஏன் சாகிறது?

வாசகர் கேள்வி: நர்சரிக் குளத்திலிருந்து பெரிய குளத்துக்கு இறாலை மாற்றினேன். அன்று ஒன்றிரண்டுதான் செத்தது. மூன்றாம் நாளிலிருந்து தினமும் கரையோரம் ஒதுங்குகிறது. பி.எச்., ஆக்சிஜன், அம்மோனியா எல்லாம் சரியாக இருக்கிறது. ஆய்வகத்தில் விப்ரியோ என்னும் பாக்டீரியா என்றார்கள். வலையில் அடிபட்டிருந்தால் அன்றைக்கே செத்திருக்க வேண்டாமா? தீவனத்தில் எதிர்ப்பு சக்தி மருந்து கலந்தால் நிற்குமா?

பதில்: அன்றைக்கே சாகாததில்தான் விஷயம் இருக்கிறது. மாற்றும்போது இறாலின் உடலுக்குள் ஒரு செய்தி போயிருக்கும். அந்தச் செய்தி அதன் காவலைச் சில மணி நேரம் தளர்த்தியிருக்கும். அந்த நேரத்தில் உள்ளே புகுந்த விப்ரியோ பெருகி ஆளைச் சாய்க்க இரண்டு மூன்று நாள் பிடிக்கும்.

இறாலுக்கும் சிப்பிக்கும் நம்மைப்போல் ஆன்டிபாடி கிடையாது. அவற்றின் காவலெல்லாம் ஹீமோசைட் என்னும் இரத்த அணுக்களை நம்பித்தான். நல்ல இறாலிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். உருண்டையாக விழுந்த அணுக்கள் கண்முன்னே தட்டையாகி, விரல் நீட்டுவதுபோல் நீட்டித் தகட்டைப் பற்றிக்கொள்ளும். கிருமியையும் இப்படித்தான் பற்றி விழுங்குகின்றன. விழுங்க முடியாததைச் சுற்றி வளைத்துக் கருக்க வைக்கின்றன. ஓட்டில் காணும் கரும்புள்ளிகள் பலவும் அந்தச் சண்டையின் தழும்புதான்.

இந்த அணுக்களின் மேல்பரப்பில் நரம்பியக்கடத்திகளை, அதாவது நரம்புகள் செய்தி அனுப்பும் வேதிப்பொருள்களை, பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. நரம்பு நுனியிலிருந்து வரும் டோபமினும் நார்அட்ரினலினும் இரத்தத்தில் கலந்து நேரே ஹீமோசைட்டைப் போய்ச் சேர்கின்றன. அதாவது பயந்தால் தசைக்கு மட்டும் உத்தரவு போவதில்லை, காவலுக்கும் போகிறது.

இதைத் தெளிவாகக் காட்டியவை 2000-களின் தொடக்கத்தில் பிரான்சில் பசிபிக் சிப்பியை வைத்துச் செய்த சோதனைகள். சிப்பியை 15 நிமிடம் குலுக்கினார்கள், அவ்வளவுதான். இரத்தத்தில் நார்அட்ரினலினும் டோபமினும் ஏறின. ஹீமோசைட்டுகளின் நகர்வும் விழுங்கும் திறனும் இறங்கின. அப்படிக் குலுக்கிய சிப்பிகளுக்கு விப்ரியோ செலுத்தியபோது, குலுக்காதவற்றைவிட அதிகம் செத்தன. அணுக்களைத் தனியே எடுத்து நார்அட்ரினலின் விட்டாலும் விழுங்குவது குறைந்தது. ஏற்பியை புரோப்ரனோலால் என்ற மருந்தைக் கொண்டு அடைத்தபோது அந்தக் குறைவு தடைபட்டது. மனிதர்களின் இதயத் துடிப்பை அடக்கக் கொடுக்கும் அதே மாத்திரைதான் அது. சிப்பிக்கும் நமக்கும் இந்த ஏற்பி என்னும் பூட்டு இவ்வளவு ஒத்துப்போவதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

உங்கள் இறாலுக்கு வருவோம். தைவானில் வனாமி இறாலுக்கு டோபமினை ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். கிருமியை விழுங்குவதும் கருக்க வைக்கும் நொதியின் வேகமும் குறைந்தன. விப்ரியோவால் சாவு கூடியது. அந்தத் தளர்வு நிரந்தரமல்ல, சில மணி நேரத்தில் மீள்கிறது. ஆனால் விப்ரியோவுக்கு அது போதும். இன்னொன்றும் இருக்கிறது: இந்த வேதிப்பொருள்கள் கிருமிக்கும் புரிகின்றன. விப்ரியோ ஹார்வேயி, விப்ரியோ கேம்ப்பெல்லி ஆகிய இரண்டு வகைகளும் நார்அட்ரினலின், டோபமின் இருந்தால் வேகமாக நீந்துவதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். காவல் தளரும்போதே எதிரிக்கும் தகவல் போய்விடுகிறது.

எல்லா நரம்பியக்கடத்தியும் காவலை இறக்குவதில்லை. சில உயிர்களில் சில நேரம் ஏற்றிவிடுபவையும் உண்டு. கிருமியை ஒழிக்கும் அணுக்களே அளவு மீறினால் சொந்த உடலையும் புண்ணாக்கும் என்பதால் இந்தக் கடிவாளம் தேவைப்படுகிறது. நாம் குளத்தில் செய்யும் வேலை அந்தக் கடிவாளத்தைத் தவறான நேரத்தில் இழுக்கிறது.

ஆகவே செய்தியைச் சின்னதாக்குங்கள். ஒரே காலையில் பிடித்து, எண்ணி, எடை போட்டு, மருந்துத் தண்ணீரில் முக்கி, புது உப்பளவில் விடுவது ஐந்து அதிர்ச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. எண்ணுவதையும் முக்குவதையும் அன்று விட்டுவிடுங்கள். வலையில் குவியலாகக் கிடக்க விடாமல், காற்றோட்டம் உள்ள தண்ணீரிலேயே கொண்டுபோங்கள். விடியுமுன் தொடாதீர்கள், குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவது அப்போதுதான். வெயில் வந்து அது ஏறத் தொடங்கியதும், சூடு கூடுமுன் முடித்துவிடுங்கள். புதுக்குளத்தின் வெப்பத்தையும் உப்பையும் முன்பே பழைய குளத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவாருங்கள், மீதி வித்தியாசத்தை நிதானமாகப் பழக்குங்கள். தோல் உரிக்கும் நாளில் மாற்றவே வேண்டாம். பிடித்த இறாலில் சிலவற்றுக்கு வால் வளைந்து நிமிராமல், தசை பால்போல வெளுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். அது தாங்க முடியாமல் போனதன் அடையாளம். மாற்றிய அன்று தீவனத்தைக் குறையுங்கள், இரண்டு நாள் வலை வீசாதீர்கள்.

தீவன மருந்து பற்றி: பீட்டா குளூக்கான் போன்றவை ஹீமோசைட்டைத் தூண்டுவது உண்மை. மாற்றுவதற்குச் சில நாள் முன்பிருந்து கொடுப்பதில் அர்த்தம் இருக்கலாம். சாவு தொடங்கிய பின் கொட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை; நோயுற்ற இறால் முதலில் விடுவது தீவனத்தைத்தான்.

ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். நர்சரியில் மாற்றாமல் விட்ட இறால் மிச்சம் இருந்தால் அதையும் பாருங்கள். அங்கேயும் அதே நாளில் சாகிறது என்றால், மேலே சொன்னது உங்கள் குளத்தின் கதை அல்ல. வெண்புள்ளி வைரஸுக்கு உடனே பி.சி.ஆர். சோதனை செய்யுங்கள், முடிவு வரும்வரை தண்ணீரை வெளியே விடாதீர்கள்.