மேகத்தைத் திருட முடியுமா?

கேள்வி: சீனாவும் வளைகுடா நாடுகளும் மேகத்தில் ரசாயனம் தூவி, நமக்கு வர வேண்டிய மழையைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வதாக வாட்ஸ்அப்பில் வருகிறது. டெல்லிப் புகைக்கும் பாகிஸ்தான்தான் காரணம் என்கிறார்கள். இதையெல்லாம் தடுக்க உலகச் சட்டம் ஏதும் கிடையாதா? பாகிஸ்தான் மீது வழக்குப் போட முடியாதா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: முதலில் மழைத் திருட்டு. 2018 ஜூலையில் ஈரானின் ராணுவ உயரதிகாரி கோலாம் ரெசா ஜலாலி, இஸ்ரேல் தங்கள் மேகங்களைத் திருடுவதாகக் குற்றம் சாட்டினார். அதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை என்று ஈரானின் வானிலைத் துறைத் தலைவரே மறுத்துவிட்டார். உங்கள் வாட்ஸ்அப் செய்திக்கும் அந்தப் பதிலே போதும்.

செயற்கை மழைக்காரர்களால் மேகத்தை உண்டாக்கவும் முடியாது, இழுத்து வரவும் முடியாது. நீர் கோத்த மேகம் ஏற்கெனவே தலைக்கு மேல் இருந்தால் அதில் சில்வர் அயோடைடு தூவுவார்கள். அதன் படிக அமைப்பு பனிக்கட்டியை ஒத்தது. உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் மிதக்கும் நீர்த்துளிகள் அதைப் பற்றிக்கொண்டு உறைந்து, கனத்து விழும். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வில், தோதான மேகம் வாய்த்தபோதே பனிப்பொழிவு 5 முதல் 15 சதவீதம்தான் கூடுதலாகக் கிடைக்கும் என்று கணக்கிட்டார்கள். 2025 அக்டோபர் 28 அன்று டெல்லி அரசு, கான்பூர் ஐஐடி துணையோடு புகையைக் கழுவ விமானம் விட்டதே, அன்று மேகத்தில் ஈரப்பதம் 15, 20 சதவீதம்தான். சொல்லிக்கொள்ளும்படி மழை பெய்யவில்லை. லாகூரில் 2023 டிசம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் உதவியோடு தூறல் போட வைத்தார்கள். புகை கொஞ்சம் அடங்கி, பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

வேடிக்கை என்னவென்றால், நீங்கள் கேட்கும் சட்டம் இந்த மழை விவகாரத்துக்குத்தான் இருக்கிறது! 1967 முதல் 1972 வரை, வியட்நாம் போரில் எதிரியின் தளவாடப் பாதைகளைச் சேறாக்குவதற்காக அமெரிக்கா ரகசியமாக மேகங்களில் ரசாயனம் தூவியது. அது அம்பலமான பிறகு, வானிலையைப் போர் ஆயுதமாக்கக் கூடாது என்று ஓர் ஒப்பந்தம் உருவாகி 1977-ல் கையெழுத்துக்கு வந்தது. இந்தியா, பாகிஸ்தான் இரண்டும் அதில் உண்டு. பகைமை நோக்கத்தோடு செய்தால்தான் தடை. விவசாயத்துக்கென்று தூவினால் யாரும் கேட்க முடியாது.

உண்மையிலேயே எல்லை தாண்டுகிற புகைக்கு என்ன இருக்கிறது? 1998-ல் மாலத்தீவில் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை உட்பட 8 நாடுகள் ஒப்புக்கொண்ட மாலே பிரகடனம். அளப்போம், கலந்து பேசுவோம், ஒத்துழைப்போம் என்கிற ரகம். யார் எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற இலக்கும் இல்லை, குறைக்காதவரைக் கேட்க ஆளும் இல்லை. பனிப்போர் நடந்துகொண்டிருந்த 1979-லேயே, சோவியத் யூனியனும் மேற்கு நாடுகளும், எல்லை தாண்டும் புகையால் பெய்யும் அமில மழையைத் தடுக்க ஜெனீவாவில் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. எந்த நாட்டுப் புகை எந்த நாட்டில் எவ்வளவு இறங்குகிறது என்று அங்கே வருடந்தோறும் கணக்கு வெளியாகிறது. பின்னால் குறைப்பு இலக்குகளும் வந்தன. அமெரிக்காவும் சோவியத்தும் உட்கார முடிந்த மேஜையில் டெல்லியும் இஸ்லாமாபாத்தும் உட்கார முடியாதா என்ன?

அப்புறம், டெல்லிப் புகை. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் உத்தரப் பிரதேச அரசின் வழக்கறிஞர், கெட்ட காற்று பாகிஸ்தானிலிருந்து வருகிறது என்றார். “அப்படியானால் பாகிஸ்தான் ஆலைகளைத் தடை செய்யச் சொல்கிறீர்களா?” என்கிற பொருளில் கேட்டார் தலைமை நீதிபதி என்.வி. ரமணா. எல்லைக்கு அந்தப் பக்கம், லாகூரில் புகை சூழும்போதெல்லாம் இந்தியக் காற்றுதான் காரணம் என்கிறார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. காற்று திசை மாறும்போது புகையும் மாறிப் போகிறது. ஆனால் டெல்லியின் வண்டிப் புகையும் கட்டடத் தூசும் சுற்றுவட்டாரத்துச் செங்கல் சூளைகளும் யாருடையவை? நெல் தாள் எரிப்பும் நம் பஞ்சாபிலேயே நடக்கிறது. அதிலும் ஒரு சிக்கல். நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் பஞ்சாப் அரசு நாற்று நடவை ஜூன் மாதத்துக்குத் தள்ளியது. அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமை விதைக்க இருபது நாள்கூட இல்லாத விவசாயி, அறுவடை இயந்திரம் விட்டுப்போன தாளுக்குத் தீ வைக்கிறார். அதே சமயம் வட இந்தியாவில் காற்றும் அசைவற்றுப்போகிறது. தண்ணீரைக் காக்கப் போட்ட சட்டம், புகையைக் கூட்டிவிட்டது.

வழக்கு? போடலாம், இரு தரப்பும் சம்மதித்தால். கனடாவின் டிரெயில் நகர உருக்காலைப் புகை அமெரிக்க எல்லைக்குள் பயிரைக் கருக்கியபோது, இரு அரசுகளும் ஒப்புக்கொண்ட நடுவர் மன்றம் விசாரித்து 1938-லும் 1941-லும் தீர்ப்பளித்தது. கனடா நஷ்டஈடு தந்தது. நம் கதையில் உலக வங்கியின் 2023 அறிக்கை ஒன்று குறுக்கே வரும். இந்தியப் பஞ்சாபின் காற்று மாசில் 30 சதவீதம் பாகிஸ்தான் பஞ்சாபிலிருந்து வருவதாக அது சொல்கிறது. உங்கள் வழக்கறிஞர் அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் டாக்கா உள்ளிட்ட வங்கதேசப் பெருநகரங்களின் மாசில் சராசரியாக 30 சதவீதம் இந்தியாவிலிருந்து போகிறது என்பதும் அதே அறிக்கைதான். அவர்கள் வழக்குப் போட்டால் நஷ்டஈட்டை நாம் எந்தக் கணக்கில் எழுதுவது?