வலது செருப்பு மட்டும் ஏன் கழல்கிறது?

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 16 வருடமாகச் சர்க்கரை. ஐந்து வாரத்துக்கு முன்னால், விடியற்காலை மூன்று மணிக்குப் பாத்ரூம் போக எழுந்தவர் நிலைப்படி அருகே விழுந்துவிட்டார். வலது முழங்கால் வீங்கியது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. கிரேப் பேண்டேஜ் கட்டி, பத்து நாள் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். கட்டை அவிழ்த்த பிறகு நடந்தால் வலது காலைத் தரையில் இழுக்கிறார். அந்தக் காலில் மட்டும் செருப்பு கழன்றுவிடுகிறது. இரண்டு பாதத்திலும் எரிச்சல் நாலு வருடமாகவே உண்டு. பக்கத்து கிளினிக்கில், "சுகர் நரம்புதான், வயசும் ஆச்சு" என்று பி காம்ப்ளெக்ஸும், நரம்பு எரிச்சலுக்கு இரவில் பிரகாபலினும் எழுதிக் கொடுத்தார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளைமிபிரைட், அதோடு ஆஸ்பிரின், ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் எல்லாம் ஏற்கெனவே சாப்பிடுகிறார். இது சர்க்கரையாலா, விழுந்ததாலா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செம்பூர், மும்பை

பதில்: "கட்டை அவிழ்த்த பிறகு" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தை இரண்டு முறை படித்தேன். எனக்கு விழுந்ததைவிட அந்தக் கட்டு மேல்தான் சந்தேகம்.

சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறு பெரும்பாலும் இரண்டு காலையும் சமமாகத்தான் பிடிக்கும். விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போட்ட மாதிரி மெதுவாக மேலே ஏறும். ராத்திரியில் எரிச்சல் கூடும். அப்பாவின் நாலு வருட எரிச்சல் அந்த வகை. ஆனால் ஒரே கால், அதுவும் "இந்த வாரத்திலிருந்து" என்று நாள் சொல்ல முடிகிற பலவீனம் என்றால், சர்க்கரை கணக்கில் எழுதிவிட்டு நோட்டை மூடக் கூடாது. சயான் பக்கம் முப்பது வருடம் நோயாளிகளைப் பார்த்ததில், இப்படி அவசரமாக மூடிய நோட்டுகள் நிறையவே என் மேஜைக்கு வந்திருக்கின்றன. ஒன்றிரண்டை நானே மூடியும் இருக்கிறேன்.

உங்கள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கமாகத் தடவிப் பாருங்கள். குண்டாக ஒரு எலும்பு தட்டுப்படும். பாதத்தை மேலே தூக்கும் நரம்பு அதைச் சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறது. அங்கே நரம்புக்கு மேல் தோலைத் தவிரப் பெரிதாக எதுவும் கிடையாது. கட்டு இறுகினாலோ, கால் வெளிப்பக்கம் சாய்ந்தபடி நாள்கணக்கில் படுக்கையில் அழுந்தினாலோ, அது நசுங்கிவிடும். சர்க்கரையால் ஏற்கெனவே நைந்துபோன நரம்பு என்றால் அந்த அழுத்தத்தைத் தாங்கும் சக்தி இன்னும் குறைவு. ஆக உங்கள் கேள்விக்கு, இரண்டும் சேர்ந்து, நடுவில் கட்டும் சேர்ந்து என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. நேரில் பார்க்காமல் இதற்கு மேல் உறுதி சொன்னால் அது ஜோசியம்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, வலது கால் கட்டைவிரலையும் பாதத்தையும் மேலே தூக்கச் சொல்லுங்கள். அப்புறம் பாதத்தை உள்பக்கமாகத் திருப்பச் சொல்லுங்கள். தூக்க முடியவில்லை, ஆனால் உள்பக்கம் நன்றாகத் திரும்புகிறது என்றால் முழங்கால் பக்கத்து நரம்பின் மேல் சந்தேகம் வலுக்கும். இரண்டுமே முடியவில்லை, இடுப்பிலிருந்து வலியும் இறங்குகிறது என்றால் முதுகுத்தண்டில் நரம்பு கிளம்பும் இடத்தைப் பார்க்க வேண்டும். விழுந்ததில் அங்கே டிஸ்க் பிதுங்கியிருக்கலாம்.

ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டி நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கும் என்.சி.வி., தசையின் மின் அசைவைப் பார்க்கும் ஈ.எம்.ஜி. ஆகிய பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். அடிபட்ட உடனே செய்தால் இதில் முழுசாகத் தெரியாது, இரண்டு மூன்று வாரம் ஆக வேண்டும். உங்களுக்கு ஐந்து வாரம் ஆகிவிட்டது, சரியான நேரம்தான். வெறும் அழுத்தம் என்றால் பெரும்பாலும் சில வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் கால் தேறும். நரம்பிழையே அறுந்திருந்தால் அது நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், பொறுமை வேண்டும். அதுவரை பாதம் தொங்காமல் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் போட வேண்டியிருக்கலாம். ஹாஜி அலி அருகே மத்திய அரசின் மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே அளவெடுத்துச் செய்து தருவார்கள்.

சிலவற்றுக்கு மட்டும் ஓ.பி. சீட்டுக்குக் காத்திருக்காதீர்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, ஆசனவாய்ப் பக்கம் மரத்துப்போவது, இரண்டு காலும் சேர்ந்து பலவீனமாவது, கை தடுமாறிச் சட்டைப் பொத்தான் போட முடியாமல் போவது, வாய் கோணுவது இவற்றில் ஏதாவது வந்தால் அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். தலைவலியும் தூக்கக் கலக்கமும் புதிதாக வந்தாலும் அப்படியே. தலையில் லேசாக இடித்திருந்தாலும், வயதானவர்களுக்கு, அதுவும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கு, மூளையைச் சுற்றி ரத்தம் மெல்லக் கசிந்து வாரங்கள் கழித்து வேலையைக் காட்டும்.

அப்பா ஏன் விழுந்தார் என்று யாராவது கேட்டார்களா? டாம்சுலோசின் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கக்கூடியது. பல வருட சர்க்கரையும் அதையே செய்யும். ஐந்து நிமிடம் படுக்க வைத்து பி.பி. பாருங்கள். பிறகு நிற்க வைத்து, ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கிளைமிபிரைட் ராத்திரியில் சர்க்கரையைத் தாழ்த்துகிறதா என்று ஒரு நாள் மூன்று மணிக்கு விரலில் குத்திப் பார்ப்பதும் நல்லது. 70-க்குக் கீழே என்றால் குறைவு. இதற்கு நடுவில் தலைசுற்ற வைக்கிற பிரகாபலினை வேறு புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்! நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் உடம்பில் பி12 வைட்டமின் குறையலாம், சைவக்காரர் என்றால் இன்னும் கூடுதலாக. குறைந்தால் அதுவும் நரம்பைப் பிடிக்கும். அதை அளந்துவிட்டு பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையை ஆரம்பித்திருக்கலாம். இப்போது அளந்தால் மாத்திரையின் தயவில் நல்ல அளவே காட்டும். எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வெந்நீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். தாராவியிலிருந்து வந்த ஒரு தையல்காரர் ஒற்றைச் செருப்போடு என் முன்னால் உட்கார்ந்திருந்தார். இன்னொன்று எங்கே என்று கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். அப்பாவுக்கு ஹவாய் செருப்பை விட்டுவிட்டு, பின்பட்டை வைத்தது வாங்கிக் கொடுங்கள். கோவிலுக்குப் போனால் பிரகாரத்து வெயில் கல்லில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது அந்தப் பழைய செருப்பு ஜோடியையும் எடுத்துப் போங்கள். வலது செருப்பின் முனை மட்டும் தேய்ந்திருந்தால், "கொஞ்ச நாளாகத்தான் இழுக்கிறேன்" என்று அப்பா சொல்வதை மருத்துவர் அப்படியே நம்ப மாட்டார்.