60 பவுண்டு மெஷினும் கருகிய பஞ்சும்: வேப் பற்றிய கேள்விகள்

சிகரெட்டிலிருந்து வேப்புக்கு, அதாவது நிகோட்டின் லிக்விடைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்சிகரெட்டுக்கு, மாறுவது பற்றி பிரிட்டனில் இருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். கீழே வரும் விலையும் சட்டமும் பிரிட்டனுக்கு உரியவை. இந்தியாவில் வேப் விற்கவே தடை இருக்கிறது, அதைப் பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார். சிகரெட் பிடிக்காதவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். உங்களுக்கு இதில் வாங்க ஒன்றும் இல்லை.

25 வருடமாக ஒரு நாளைக்கு 15 சிகரெட் பிடிக்கிறேன். வேப்புக்காவது மாறுங்கள் என்கிறார் டாக்டர். கடைக்குப் போனால் திரையும் பொத்தானும் வைத்த 60 பவுண்டு மெஷினை எடுத்துக் காட்டி, "இதுதான் அண்ணா ரொம்ப நாள் உழைக்கும்" என்கிறான் கடைப் பையன். வாங்கலாமா? (ஹாரோ)

வேண்டாம். பையன் பொய் சொல்லவில்லை, அந்த மெஷின் உழைக்கும்தான். ஆனால் ஒரு வாரத்தில் அது மேசை டிராயருக்குள் போய்விடும், நீங்கள் சிகரெட்டுக்குத் திரும்பியிருப்பீர்கள். என் வீட்டு டிராயரில் அப்படி ஒன்று இன்னும் கிடக்கிறது.

காரணம் இழுக்கிற விதம். சிகரெட் பிடிப்பவர் புகையை முதலில் வாயில் வாங்கி, ஒரு நொடி நிறுத்தி, பிறகுதான் உள்ளே இழுப்பார். அந்தப் பெரிய மெஷின்கள் ஹூக்கா மாதிரி, ஒரே மூச்சில் நேராக நுரையீரலுக்கு இழுப்பதற்காகச் செய்தவை. முதல் இழுப்பிலேயே இருமி எடுத்துவிடுவீர்கள். லிக்விடையும் அவை தண்ணீராகக் குடிக்கும்.

உங்களுக்கு ஏற்றது பாட் கிட் என்று சொல்லப்படும் சின்னக் கருவி. கீழே பாட்டரி, மேலே லிக்விட் ஊற்றும் சின்னக் குப்பி. அந்தக் குப்பியைத்தான் பாட் என்கிறார்கள். லிக்விடைச் சூடாக்கும் கம்பிச் சுருளான காயில் அதற்குள்ளேயே இருக்கும். பொத்தான் கிடையாது, இழுத்தால் வேலை செய்யும். விலை 10 முதல் 25 பவுண்டுக்குள். பெட்டியில் காயிலின் மின்தடை 0.8 முதல் 1.2 ஓம் வரை போட்டிருந்தால் அது சிகரெட் மாதிரி இழுக்கிற வகை. 0.5க்குக் கீழே என்றால் வேறு ரகம், வைத்துவிட்டு வாருங்கள்.

நிறத்தைப் பார்ப்பதற்கு முன் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: "இதற்கு மாற்றுப் பாட் உங்களிடம் எப்போதும் இருக்குமா?" சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த வியாபாரத்துக்கு அப்படியே பொருந்தும். மெஷினை ஒரு தடவைதான் வாங்குகிறீர்கள். பாட்டை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வாங்க வேண்டும். பாட் கிடைக்காத மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வெட்டிச் செலவு.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 20 சிகரெட் பெட்டி 15 பவுண்டு என்று வைத்தாலே உங்களுக்கு வாரம் 80 பவுண்டு பக்கம் ஆகிறது. ஒரு நாளைக்கு 2 மி.லி. லிக்விட், 10 மி.லி. பாட்டில் 4 பவுண்டு, அதோடு ஒரு பாட் என்று போட்டால் வேப்புக்கு வாரம் 10 பவுண்டுக்குள் முடியும். 2026 அக்டோபர் 1 என்ற தேதியிலிருந்து 10 மி.லி.க்கு 2.20 பவுண்டு தனி வரி, அதன்மேல் வாட் என்ற மதிப்புக்கூட்டு வரி. அதையும் சேர்த்தால் வாரம் இன்னொரு மூன்று நான்கு பவுண்டு கூடும், அவ்வளவுதான்.

காசு கொடுப்பதற்கு முன், உங்கள் பகுதியில் சிகரெட்டை விட உதவும் சேவையைக் கேட்டுப் பாருங்கள். புகைப்பவர்களுக்கு இலவசமாக ஆரம்பக் கிட் கொடுக்கும் திட்டத்தை இங்கிலாந்து அரசு 2023இல் அறிவித்தது. உங்கள் பகுதியில் அது நடந்தால் முதல் கிட்டுக்குச் செலவே இல்லை.

நிகோட்டின் குறைவாக இருந்தால் நல்லது என்று 3 மி.கி. வாங்கினேன். நாள் முழுக்க வாயிலேயே இருக்கிறது. அப்படியும் மாலையில் இரண்டு சிகரெட் பிடிக்காமல் முடியவில்லை. (கிராய்டன்)

புதிதாக மாறுகிறவர்களில் பாதிப்பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நிகோட்டின் அடிமைப்படுத்தும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் சிகரெட்டில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் எரிகிற புகையில் வரும் தாரும் மற்ற நச்சுகளும். நிகோட்டினுக்குப் பயந்து அதைக் குறைத்துவிட்டு, அந்தப் பசிக்காகப் புகையிடமே போய் நிற்கிறீர்கள்.

இங்கே சட்டப்படி ஒரு மி.லி.க்கு அதிகபட்சம் 20 மி.கி. ஒரு நாளைக்கு ஒரு பெட்டி பிடித்தவர் அதிலேயே ஆரம்பிக்கலாம். பத்து சிகரெட் என்றால் 10 அல்லது 12. தலை சுற்றினாலோ குமட்டினாலோ அளவு கூடிவிட்டது என்று அர்த்தம், ஒரு படி இறங்குங்கள். சிகரெட் முழுக்க நின்று சில மாதம் ஆன பிறகு நிகோட்டினைக் குறைக்கும் வேலையை வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டாம்.

20 மி.கி. வாங்கும்போது நிக் சால்ட் (உப்பு வடிவ நிகோட்டின்) வகையாகக் கேளுங்கள். சாதாரண நிகோட்டின் அந்த அளவில் தொண்டையைக் கீறும், இது மென்மையாக இறங்கும். அப்புறம், 5 பவுண்டு கூடக் கொடுத்தால் 50 மி.லி. பெரிய பாட்டில் என்ற பலகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். நிகோட்டின் கலந்த லிக்விடை இங்கே 10 மி.லி.க்கு மேற்பட்ட பாட்டிலில் விற்கக் கூடாது. அந்தப் பெரிய பாட்டிலில் நிகோட்டினே இருக்காது, தனியாக வாங்கி நாம்தான் கலக்க வேண்டும். பெரும்பாலும் கிளிசரின் அதிகம் சேர்த்த கெட்டி ரகமாக வேறு இருக்கும், சின்னப் பாட்டுக்குள் ஊறாது. உங்களுக்கு கிளிசரின் பாதி, புரொப்பிலீன் கிளைக்கால் பாதி என்று 50/50 போட்ட பாட்டில் போதும்.

அமெரிக்காவில் வேப் அடித்து நுரையீரல் போய்ச் செத்தார்களே என்று மனைவி பயப்படுகிறார். (வெம்பிளி)

2019இல் நடந்தது அது. 2020 பிப்ரவரி வரை 68 பேர் இறந்தார்கள், 2,800க்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் பயன்படுத்தியது கள்ளச் சந்தையில் விற்ற கஞ்சா எண்ணெய்க் குப்பிகள். அவற்றில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட்தான் முக்கியக் காரணம் என்று கண்டார்கள். பிரிட்டனில் நிகோட்டின் லிக்விடில் வைட்டமின் சேர்க்கவே கூடாது. அதற்காக வேப் சுத்தமான காற்று என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். சிகரெட்டைவிடத் தீங்கு மிகவும் குறைவு என்பதுதான் சரியான வார்த்தை. நீண்ட கால விளைவு தெரிய இன்னும் வருடங்கள் ஆகும்.

புதுப் பாட் போட்டு நாலு இழுப்புதான் இழுத்தேன், முடி பொசுங்கின மாதிரி நாற்றம். பாட் பழுதா? (லெஸ்டர்)

பாட் நன்றாகத்தான் இருந்திருக்கும், அவசரம்தான் அதைக் கெடுத்தது. உள்ளே ஒரு கம்பிச் சுருள், அதைச் சுற்றி அல்லது அதற்குள் பஞ்சு. லிக்விடைப் பஞ்சு உறிஞ்சி வைத்திருக்க, கம்பி சூடாகி அதை ஆவியாக்குகிறது. பஞ்சு காய்ந்திருக்கும்போது கம்பி சூடானால் எரிவது பஞ்சுதான். விளக்குத் திரியை எண்ணெயில் நனைக்காமல் கொளுத்தினால் என்ன ஆகும்? அதேதான். ஒரு தடவை கருகிய பஞ்சு திரும்பாது, லிக்விடை மாற்றினாலும் அந்த வாடை போகாது. தூக்கிப் போடுங்கள்.

அடுத்த பாட்டுக்குள் லிக்விடை ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா வையுங்கள். முதல் சில இழுப்பை மெதுவாக, இடைவெளி விட்டு இழுங்கள். லிக்விட் அடிமட்டத்துக்கு இறங்கும் வரை காத்திருக்காதீர்கள், கால்வாசி இருக்கும்போதே ஊற்றுங்கள். பஸ் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மூச்சுவிடாமல் பத்து இழுப்பு இழுத்தாலும் பஞ்சு காயும்.

பாட் சீக்கிரம் கெட இன்னொரு காரணம் இனிப்பு. மாம்பழம், மிட்டாய் வகை லிக்விடில் சேர்க்கும் இனிப்பூட்டி கம்பியில் கருப்பாகப் படியும். பாயசம் அடிப்பிடித்த பாத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புதினா, புகையிலை வகைகளில் இரண்டு வாரம் வரும் பாட், இவற்றில் நாலைந்து நாளில் முடிந்துவிடலாம். கழுவிப் பயன்படுத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்று பவுண்டுக்காக அந்த வேலை வேண்டாம்.

இழுத்தால் கடகடவென்று சத்தம், வாயில் லிக்விட் வருகிறது. (ஈஸ்ட் ஹாம்)

இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுவது போல இழுக்கிறீர்கள். அவ்வளவு பலம் வேண்டாம், மெதுவாக மூன்று நொடி இழுத்தால் போதும். இப்போதைக்குப் பாட்டைக் கழற்றி, டிஷ்யூவைப் பிடித்துக்கொண்டு இரண்டு உதறு உதறுங்கள். பாட்டின் அடியையும், அது உட்காரும் இடத்திலுள்ள உலோகப் புள்ளிகளையும் துடையுங்கள். வாரம் ஒரு முறை இதைச் செய்வதுதான் பராமரிப்பு, வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தாலும் ஒழுகும், சூட்டில் லிக்விட் நீர்த்துவிடும். கையில் பட்டால் கழுவுங்கள். பாட்டிலைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் நிகோட்டின் விஷம்.

மார்க்கெட்டில் 15,000 இழுப்பு வரும் வேப் 12 பவுண்டுக்குக் கிடைக்கிறது. லாபம்தானே? (இல்ஃபோர்ட்)

தீர்ந்ததும் தூக்கிப் போடுகிற வேப்பாக இருந்தால், 2025 ஜூன் 1 முதல் அதை விற்பதே குற்றம். சட்டப்படி வேப்பில் லிக்விட் நிற்கும் டேங்கோ பாட்டோ 2 மி.லி.க்கு மேல் கொள்ளக் கூடாது. பழைய 2 மி.லி. வேப்களில் 600 இழுப்பு என்று போட்டிருப்பார்கள். அப்படியானால் 15,000 எங்கிருந்து வந்தது? 2 மி.லி. பாட்டோடு 10 மி.லி. குப்பிகளை இணைத்துச் சட்டத்துக்குள் விற்கும் நல்ல ரகங்களும் உண்டு.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 5 சதவீதம் அல்லது 50 மி.கி. என்று இருந்தால் அது இந்த நாட்டுக்கான சரக்கு இல்லை. இங்கே உச்சம் 2 சதவீதம். நிகோட்டின் எச்சரிக்கை பெரிதாக இல்லாவிட்டாலும் வைத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் எம்.எச்.ஆர்.ஏ. என்ற மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் இணையப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடலாம்.

வாங்கி மூன்று வாரம், சார்ஜ் ஏறவில்லை. வாயில் வைக்கிற பொருள் என்பதால் திருப்பி எடுக்க மாட்டோம், கம்பெனிக்கு எழுதுங்கள் என்கிறது கடை. (சவுத்ஆல்)

சண்டைக்குப் போவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். இரண்டு முனையும் சி வகையாக இருக்கும் கேபிளில் பல மலிவு வேப்கள் சார்ஜ் ஏற்றாது. ஒரு முனை பழைய அகலமான யு.எஸ்.பி.யாக இருக்கும் கேபிளைப் போட்டால் விளக்கு எரியும். போனுக்கு வரும் வேகமான சார்ஜர் வேண்டாம். இரவு முழுக்கக் குத்தி வைக்கவும் வேண்டாம், தலையணைக்குப் பக்கத்தில் வைத்து நிச்சயமாக வேண்டாம்.

அப்படியும் ஏறவில்லை என்றால் கடைதான் பொறுப்பு. 2015ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குப் பிறகு என்றால் முதலில் பழுது பார்க்கவோ மாற்றிக் கொடுக்கவோ கடைக்கு ஒரு வாய்ப்பு தர வேண்டும். ஆறு மாதத்துக்குள் தெரியும் பழுது ஆரம்பத்திலேயே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாயில் வைக்கிற பொருள் என்ற பேச்சு, இணையத்தில் வாங்கிப் பெட்டியைப் பிரித்த பிறகு மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவர்களிடம் செல்லும், பழுதான பொருளுக்குச் செல்லாது. உங்களுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. இன்றே மின்னஞ்சலில் எழுதுங்கள், வாயால் சொன்னது நிற்காது. கடை மசியாவிட்டால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள்.

16 வயது மகனின் பையில் ஒரு வேப் இருந்தது. பக்கத்துக் கடையில் வாங்கினானாம். (நியூ மால்டன்)

18 வயதுக்குக் கீழே விற்பது குற்றம், அவனுக்காக ஒரு பெரியவர் வாங்கிக் கொடுப்பதும் குற்றம். மேலே சொன்ன அதே உதவி எண்ணில் கடையின் பெயரைச் சொன்னால் கடைகளைக் கண்காணிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அதிகாரிகளுக்குப் போகும். மகனிடம் கத்துவதற்கு முன், பெட்டியில் எத்தனை மி.கி. போட்டிருக்கிறது என்று பாருங்கள். அதிக நிகோட்டினுக்குப் பழகியிருந்தால் சட்டென்று நிறுத்துவது அவனுக்குக் கஷ்டமாக இருக்கும். டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

சிங்கப்பூர் வழியாகக் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம். சின்ன வேப்தானே, கையில் எடுத்துப் போகலாமா? (பர்மிங்ஹாம்)

வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் வேப் கையில் வைத்திருப்பதே குற்றம், 2025 செப்டம்பரிலிருந்து தண்டனையை இன்னும் கடுமையாக்கியிருக்கிறார்கள். இந்தியாவில் 2019ஆம் வருடச் சட்டம் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் தடுக்கிறது. முதல் தடவைக்கே ஒரு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எனக்கு மட்டும்தானே என்ற வாதத்தைக் கஸ்டம்ஸ் அதிகாரி முன் நின்று சோதித்துப் பார்க்க வேண்டாம்.

அந்த இரண்டு வாரத்துக்கு நிகோட்டின் பேட்ச்சோ சூயிங்கமோ போதும். 2 மி.கி. நிகோட்டின் சூயிங்கம் இந்திய மருந்துக் கடைகளில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. கல்யாண வீட்டில் யாராவது சிகரெட் நீட்டுவார்கள் பாருங்கள், அப்போது சட்டைப் பையில் அது இருக்கட்டும். வேப் அனுமதி உள்ள வேறு நாட்டுக்குப் போகும்போது அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் போட்டு உள்ளே அனுப்பக் கூடாது. பாட்டைக் காலி செய்துவிடுங்கள், இல்லையென்றால் விமானம் ஏறும்போது காற்றழுத்தம் மாறி ஒழுகும்.

தூக்கிப் போடுகிற பழைய வேப் பதினொன்று சேர்ந்திருக்கிறது. குப்பையில் போடலாமா? (ஹாரோ, இன்னொருவர்)

கூடாது. உள்ளே லித்தியம் பாட்டரி இருக்கிறது, குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். வேப் விற்கிற கடை பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. கவுன்டருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும், இல்லாவிட்டால் கேளுங்கள். பிரித்துப் பாட்டரியைத் தனியாக எடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். அடுத்த தடவை பாட் வாங்கப் போகும்போது பதினொன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.